உறையும் தேனும் உழைப்பின் விலையும்

(தேனீ வளர்ப்புப் பயிற்சி பெறும் மாணவர்களுக்கும் ஊரக வளர்ச்சித் துறை அலுவலர்களுக்கும் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

தை பிறக்கும் நாட்களில் வட இந்தியச் சமவெளி மஞ்சள் போர்வை போர்த்திக்கொள்கிறது. ராஜஸ்தானின் பரத்பூர், அல்வர் மாவட்டங்கள், ஹரியாணாவின் ரேவாரி, மகேந்திரகட் பகுதிகள், உத்தரப் பிரதேசத்தின் மதுரா, ஆக்ரா வட்டாரங்கள் என்று கண்ணுக்கெட்டிய தொலைவு வரையில் கடுகு பூத்துக் கிடக்கிறது. வசந்த பஞ்சமியன்று மக்கள் மஞ்சள் ஆடை உடுத்தி மகிழ்வதற்கு இந்த வயல்களே வண்ணம் தந்தன எனலாம். நாட்டின் கடுகு விளைச்சலில் ஏறத்தாழப் பாதியை ராஜஸ்தான் மாநிலம் ஒன்றே தருகிறது.

இந்த வயல்களின் வரப்போரங்களில் மரப்பெட்டிகள் வரிசையாக வைக்கப்பட்டிருப்பதைக் காணலாம். அவற்றுள் பெரும்பாலானவை, பூக்களைத் தேடி மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் தொழில்முறைத் தேனீ வளர்ப்போருக்கு உரியவை. எனினும், ஐந்து அல்லது பத்துப் பெட்டிகளை ஓய்வு நேரத்தில் பேணி வரும் பள்ளி ஆசிரியர்கள், ஓய்வு பெற்ற ஊழியர்கள், இல்லத்தரசிகள், கல்லூரி மாணவர்கள் ஆகியோரும் அங்கே இருக்கின்றனர். வாழ்க்கைக்கு வேறு வருவாய் உடையவர்கள் இவர்கள். ஆர்வத்தின் காரணமாகவே இத்துறைக்கு வந்தவர்கள்.

இத்தகைய ஒருவரின் அனுபவத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். ஜனவரியில் அவர் பிழிந்தெடுத்த தேன் பொன்னிறமாகத் தெளிந்திருந்தது. அண்டை வீட்டாரும் உடன் பணியாற்றுவோரும் விரும்பி வாங்கிச் சென்றனர். மூன்று வாரங்கள் கழிந்தன. வாங்கியவர்களுள் ஒருவர் ஜாடியுடன் திரும்பி வந்தார். தேன் வெண்மையாகி, கரண்டி இறங்காதபடி உறைந்திருந்தது. "சர்க்கரை கலந்துவிட்டீர்களே!" என்பது அவருடைய குற்றச்சாட்டு. தூய தேனை விற்றவர் தலைகுனிந்து பணத்தைத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது.

இந்த நிகழ்ச்சி கடுகுப் பருவந்தோறும் எத்தனையோ வீட்டு வாசல்களில் நடைபெறுவதுதான். உறைதல் தேனின் குற்றமன்று, அதன் இயல்பு. அந்த இயல்பை அறிந்து நடப்பவருக்கு அதுவே வருவாயாகும், அறியாதவருக்கு இழப்பாகும். ஆகவே வளர்ப்போர் எதனைக் கற்றுக்கொள்ள வேண்டும், அரசு அலுவலர்கள் எதனைச் செய்ய வேண்டும் என்பவற்றை ஒருங்கே ஆராய்வது பயனுடையது.

கடுகுத் தேன் ஏன் உறைகிறது?

தேன் என்பது இரு பெரும் சர்க்கரைகள் சிறிதளவு நீரில் கரைந்துள்ள செறிவான கரைசல் ஆகும். ஒன்று குளுக்கோஸ், மற்றொன்று ஃபிரக்டோஸ். ஃபிரக்டோஸ் நீரில் எளிதாகக் கரைந்தே நிற்கும். குளுக்கோஸ் அவ்வாறன்று. தேனில் உள்ள நீரால் முழுவதையும் கரைத்து வைக்க இயலாத அளவில் அது இருப்பதால், தருணம் வாய்த்தவுடன் படிகமாகப் பிரிந்துவிடும். பெரும்பாலான தேன்களில் ஃபிரக்டோஸ் மிகுந்தும் குளுக்கோஸ் குறைந்தும் காணப்படும். கடுகுத் தேனிலோ இரண்டும் ஏறத்தாழச் சமமாக உள்ளன. சில வேளைகளில் குளுக்கோஸே மேலோங்கி நிற்கும்.

இதனை ஒரு கணக்கால் அறியலாம். தேனில் உள்ள குளுக்கோஸின் அளவை நீரின் அளவால் வகுத்தால் வரும் ஈவு 1.7 அல்லது அதற்கும் குறைவாக இருப்பின், அத்தேன் நெடுங்காலம் உறையாதிருக்கும். ஈவு 2.1 அல்லது அதற்கு மேற்பட்டால் விரைவில் உறைந்துவிடும். வெப்பநிலைக்கும் இதில் பங்குண்டு. ஏறத்தாழ 14 டிகிரி சென்டிகிரேடில் படிகங்கள் மிக விரைவாகத் தோன்றுகின்றன. அதற்கு மிகுந்த வெப்பத்தில் குளுக்கோஸ் கரையத் தலைப்படுகிறது. மிகுந்த குளிரில் தேன் இறுகிப்போவதால் படிகங்கள் வளர்வது தடைப்படுகிறது.

ஜனவரி மாதத்து டெல்லியில் இரவு வெப்பம் 7 அல்லது 8 டிகிரிக்கு இறங்கி, பகலில் 20 டிகிரியை எட்டுகிறது. சராசரி ஏறத்தாழ 14 டிகிரியே! விரைந்து உறையும் இயல்புடைய தேனை, விரைந்து உறைவதற்கேற்ற பருவத்தில், உறைவதற்கேற்ற ஊரில் எடுக்கிறார்கள் என்பதே உண்மை நிலை. அது உறையாதிருந்தால்தான் வியப்பு.

குளிர்காலத்தில் நெய் உறைந்தால் எவரும் அதைக் கலப்பட நெய் என்று கூறுவதில்லை. மணல் மணலாக உறைந்திருந்தால் நல்ல நெய் என்று மெச்சவும் செய்கின்றனர். நெய்க்கு வழங்கப்படும் இந்த நீதி தேனுக்கு மட்டும் மறுக்கப்படுவானேன்?

பெட்டியும் ஈயும் வந்த வழி

அமெரிக்காவின் லாங்ஸ்ட்ராத் 1851 ஆம் ஆண்டில் தேனீக்கள் அடைகளுக்கிடையே விட்டுவைக்கும் இடைவெளியின் அளவை உணர்ந்து, கழற்றி மாட்டத்தக்க சட்டங்களைக் கொண்ட பெட்டியை அமைத்தார். ஆஸ்திரியப் படை அதிகாரியான ருஷ்கா 1865 இல், அடையைச் சுழற்றித் தேனை வெளியேற்றும் கருவியை அறிமுகப்படுத்தினார். அடையைப் பிழிந்து அழிக்காமல் தேனை மட்டும் எடுத்துக்கொண்டு, வெற்று அடையைத் தேனீக்களிடமே திருப்பித் தரும் முறை இவ்வாறு பிறந்தது.

நமது நாட்டில் இத்தாலியத் தேனீ எனப்படும் மேலைநாட்டுத் தேனீ, 1960களின் தொடக்கத்தில் இமாசலப் பிரதேசத்தின் நக்ரோடா பக்வானில் வெற்றிகரமாக நிலைகொண்டது. பின்னர் பஞ்சாப் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் முயற்சியால் சமவெளிகளில் பரவியது. அது தேனை மிகுதியாகச் சேர்ப்பது. பெட்டியோடு ஊர்விட்டு ஊர் கொண்டு செல்ல இசைவது. கடுகு வயல்களில் இன்று காணப்படும் பெட்டிகளில் பெரும்பாலும் இந்த இனமே குடியிருக்கிறது. உழவர்க்கும் இதனால் நன்மை உண்டு. கடுகினத்தில் தோரியா போன்ற வகைகள் தம் மகரந்தத்தால் தாமே சூல்கொள்ளாதவை. தேனீயின் வருகையால்தான் அவற்றில் விதை நிரம்புகிறது.

இரண்டு இடர்களுக்கு நடுவே

கடுகுத் தேனைப் பொறுத்தவரையில், வளர்ப்பவருடைய திறமை முழுவதும் நாள் குறிப்பதில் அடங்கியிருக்கிறது.

பூவிலிருந்து தேனீ கொணரும் பூந்தேனில் பெரும்பகுதி நீரே. அதனை அடையறைகளில் பரப்பி, சிறகால் விசிறி, நீரை ஆவியாக்கி, முதிர்ந்த பின்னர் மெழுகால் மூடியிடுகின்றன தேனீக்கள். மூடியிடப்பட்ட தேன் முதிர்ந்த தேன். வட இந்தியக் குளிர்காலத்திலோ பனிமூட்டம் பல நாட்கள் நீடிக்கிறது. காற்றே ஈரமாக இருக்கும்போது தேனை உலர்த்துவது தேனீக்களுக்கு எளிதன்று. ஆயினும் பூக்கள் நிறைந்திருப்பதால் அடைகள் விரைவில் நிரம்பிவிடுகின்றன. நிரம்பியதைக் கண்டவுடன் எடுத்துவிட வேண்டும் என்ற ஆவல் எழுகிறது. அவ்வாறு மூடியிடாத அடைகளிலிருந்து எடுக்கப்படும் தேனில் 22 முதல் 25 சதவீதம் வரையில் நீர் இருக்கக்கூடும். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018 இல் அறிவித்த தேன் தர விதிகள், நீரின் அளவு 20 சதவீதத்தை மிஞ்சலாகாது என்கின்றன.

ஈரமான தேன் உறையும்போது நேர்வது இன்னும் பெருங்கேடு. குளுக்கோஸ் படிகமாகும்போது தன் எடையில் பத்தில் ஒரு பங்கு நீரை மட்டுமே தன்னுடன் சேர்த்துக்கொள்கிறது. எஞ்சிய நீர் எஞ்சிய திரவத்தில் தங்கிவிடுகிறது. 21 சதவீதம் நீருள்ள 100 கிலோ தேனில் 15 கிலோ குளுக்கோஸ் படிகமாயிற்று என்று கொள்வோம். அது 1.5 கிலோ நீரை ஏற்றுக்கொள்ளும். எஞ்சிய 83.5 கிலோ திரவத்தில் 19.5 கிலோ நீர் நிற்கும். அதாவது 21 சதவீதமாயிருந்தது 23 சதவீதத்தையும் கடந்துவிடுகிறது. தேனில் இயற்கையாகவே உறங்கிக் கிடக்கும் ஈஸ்ட் நுண்ணுயிர்களுக்கு இது போதும். தேன் நுரைக்கிறது, புளிப்பு வாடை வீசுகிறது, மூடி உப்புகிறது. தொடக்கத்தில் 18 சதவீத நீரே இருந்திருப்பின், இதே கணக்கில் திரவத்தின் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டியிராது.

முன்கூட்டி எடுப்பது இவ்வாறு ஓர் இடர். காலம் தாழ்த்துவது மற்றோர் இடர். முதிரட்டும் என்று பல வாரங்கள் காத்திருந்தால் கடுகுத் தேன் அடைக்குள்ளேயே உறைந்துவிடும். உறைந்த அடையை எவ்வளவு சுழற்றினாலும் தேன் வெளிவராது. அடைதான் சட்டத்திலிருந்து பிய்ந்து விழும். அத்தகைய அடைகளைத் தேனீக்களுக்கே உணவாக விட்டுவிடுவது ஒரு வழி. படிகத்தைக் கரைத்து உண்பதற்குத் தேனீக்களுக்கு நீர் தேவையாதலால், மூடியைச் சீவி, வெதுவெதுப்பான நீரைத் தெளித்துக் கூட்டில் வைக்க வேண்டும். அடையை வெட்டியெடுத்து உருக்கிப் பிரிப்பது மற்றொரு வழி. மெழுகு உருகுவதற்கு 60 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பம் வேண்டியிருப்பதால் அவ்வாறு கிடைக்கும் தேன் தரத்தில் தாழ்ந்தது.

ஆகவே பூக்கும் பருவம் முழுவதற்கும் ஒரேயொரு அறுவடை என்பது கடுகுத் தேனுக்குப் பொருந்தாது. வாரம் ஒருமுறை அடைகளைப் பார்வையிட வேண்டும். முக்கால் பங்கு மூடியிடப்பட்ட அடைகளை மட்டும் எடுத்து, மற்றவற்றை விட்டுவைக்க வேண்டும். மூடியிடாத அறைகளைச் சோதிக்க எளிய முறை ஒன்றுண்டு. சட்டத்தைப் படுக்கை வசமாகப் பிடித்துச் சட்டென்று ஓர் உதறு உதறினால் துளிகள் சிதறக்கூடாது. சிதறினால் தேன் முதிரவில்லை என்பது பொருள். ஐயம் தீர்க்க ரிஃப்ராக்டோமீட்டர் என்னும் கைக்கருவி உதவும். ஓரிரு துளிகளை அதன் கண்ணாடியில் இட்டு வெளிச்சத்தை நோக்கிப் பார்த்தால் நீரின் சதவீதம் தெரிந்துவிடும். 18 சதவீதமோ அதற்கும் குறைவோ இருப்பது விரும்பத்தக்கது.

தேன் அறையின் தேவை இங்கே வலியுறுத்தத்தக்கது. புழு அறையின்மேல் தனியே ஒரு தேன் அறையை ஏற்றி, இடையில் ராணித் தடுப்பை வைப்பதே முறையானது. நமது நாட்டில் பலரும் புழு அறை ஒன்றை மட்டுமே வைத்து அதிலிருந்தே தேனை எடுத்துவிடுகின்றனர். இதனால் புழுக்கள் மடிகின்றன. தேனில் மாசு சேர்கிறது. முதிர்ந்த அடைக்காகக் காத்திருக்க இடமும் இல்லாமற் போகிறது. சில பெட்டிகளே உடைய பொழுதுபோக்கு வளர்ப்போர் இக்குறையை எளிதில் தவிர்க்கலாம்.

பிழிந்தெடுக்கும் நாள்

வெயில் காயும் நண்பகலே தேன் அடைகளை எடுக்க ஏற்ற வேளை. கூட்டுக்குள் புழு வளரும் பகுதியின் வெப்பம் 35 டிகிரி அளவில் இருப்பதால், எடுத்த அடைகளும் இளஞ்சூட்டுடன் வரும். அந்தச் சூடு ஆறுமுன் அன்றே பிழிந்துவிட வேண்டும். இரவு முழுவதும் குளிர்ந்த அறையில் வைத்து மறுநாள் காலையில் எடுக்க முயல்வோர், தேன் பசைபோல இறுகியிருப்பதைக் காண்பர். பணி செய்யும் அறையின் வெப்பம் 25 முதல் 30 டிகிரியாக இருப்பது நலம். அறையின் கதவும் பலகணியும் தேனீ நுழையாதவாறு அடைக்கப்பட்டிருக்க வேண்டும். தேன் வாடை வெளியே பரவினால் அண்டைக் கூட்டு ஈக்களெல்லாம் கொள்ளையிட வந்துவிடும்.

மூடியைச் சீவ, வெந்நீரில் தோய்த்துத் துடைத்த கத்தி போதுமானது. கருவியில் ஒத்த எடையுள்ள அடைகளை எதிரெதிரே வைத்து, முதலில் மெல்லவும் பின்னர் சற்று விரைவாகவும் சுழற்ற வேண்டும். வெளிவரும் தேனை உடனடியாக வடிகட்ட வேண்டும். மற்றத் தேன்களை ஓரிரு வாரம் தெளியவிட்டு நிதானமாகப் புட்டியில் நிரப்பலாம். கடுகுத் தேன் அதற்கு இடம் தராது. முதலில் கண் பெரிய வலையிலும், அடுத்து நுண்ணிய துணியிலும் வடித்து, மூடியுள்ள கலத்தில் இரண்டு மூன்று நாட்கள் மட்டுமே தெளியவிட்டு, மேலே திரளும் நுரையை நீக்கிவிட வேண்டும்.

கலம் துருப்பிடிக்காத எஃகாலோ உணவுக்கேற்ற பிளாஸ்டிக்காலோ ஆனதாக இருக்கட்டும். தேன் அமிலத் தன்மை உடையது. இரும்புத் தகரமும் துத்தநாகப் பூச்சும் அதனால் அரிக்கப்படும். பழைய எண்ணெய்த் தகரங்களில் தேனை நிரப்பும் வழக்கம் அறவே ஒழிக்கப்பட வேண்டியது. தேன் காற்றின் ஈரத்தை ஈர்த்துக்கொள்ளும் என்பதால் கலத்தைத் திறந்து வைப்பதும் தவறு.

உறைதலை ஆளும் முறை

உறைவதைத் தடுக்க இயலாதெனில், எப்படி உறைய வேண்டும் என்பதை வளர்ப்பவர் தீர்மானிக்கலாம். தானாக உறையும் தேனில் படிகங்கள் சிலவாகத் தோன்றிப் பெரிதாக வளரும்; நாவில் மணலைப்போல நெருடும்; நாளடைவில் அடியில் கட்டியும் மேலே நீர்த்த திரவமும் எனப் பிரியும். ஒரே வேளையில் எண்ணற்ற நுண்படிகங்கள் தோன்றுமாறு செய்துவிட்டால், ஒவ்வொன்றும் வளர்வதற்கு இடமின்றி நுண்ணியதாகவே நின்றுவிடும். அப்போது தேன் வெண்ணெய்போலக் குழைவாக அமையும்.

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டைஸ் என்பவர் இம்முறையை வகுத்து 1935 இல் காப்புரிமை பெற்றார். பாலுக்கு உறைமோர் இடுவதை இதற்கு ஒப்பிடலாம். ஆனால் உறைமோரில் உயிருள்ள நுண்ணுயிர்கள் வேலை செய்கின்றன; இங்கு வேலை செய்பவை படிக விதைகளே. தெளிந்த தேனுடன், நுண்மையாக உறைந்த தேனை நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு சேர்த்து, சீராகக் கலந்து, 14 டிகிரி வெப்பத்தில் ஏறத்தாழ ஒரு வாரம் வைத்திருப்பதே அம்முறையின் சாரம். டைஸ் தமது முறையில், ஈஸ்டை அழிப்பதற்காகத் தேனை முதலில் 66 டிகிரி வரையில் சூடாக்கி விரைந்து குளிர்வித்தார். 18 சதவீதத்துக்குள் நீருள்ள முதிர்ந்த தேனைக் கையாளும் சிறு வளர்ப்போர் பலர் அந்தப் படியை விட்டுவிடுகின்றனர்.

இதனை வீட்டளவில் செய்வது கடினமன்று. பத்துக் கிலோ தேன் செய்ய வேண்டுமெனில், ஒன்பது கிலோ தெளிந்த தேனும் ஒரு கிலோ விதைத் தேனும் போதும். முந்தைய அறுவடையில் நன்கு உறைந்த கடுகுத் தேனே விதையாகும். அது நெருடலாக இருந்தால் கல்வத்திலிட்டு அரைத்து நுண்மையாக்கிக்கொள்ளலாம். கலக்கும்போது தேனின் சூடு 30 டிகிரிக்குக் கீழே இருத்தல் இன்றியமையாதது. மிகுந்தால் விதைப் படிகங்கள் கரைந்துவிடும். காற்றுக்குமிழிகள் புகாதவாறு மெல்லக் கலக்கி, குழம்பு கெட்டியாகத் தொடங்கும்போதே வாயகன்ற ஜாடிகளில் நிரப்பிவிட வேண்டும். குறுகிய வாயுள்ள புட்டியில் நிரப்பினால் எடுத்துண்ண வழியிராது. மேலைநாடுகளில் இதற்கெனக் குளிர்பதன அறை வேண்டியிருக்கும். ஜனவரியில் சமவெளியின் வடக்கு நோக்கிய அறையொன்றே அப்பணியைச் செய்துவிடுகிறது.

ஒரு வரம்பையும் ஒளிக்காமல் கூற வேண்டும். கோடையில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும்போது குழைவான தேன் இளகிப் பிரிந்துவிடும். ஆகையால் அதனை மார்ச் மாதத்துக்குள் விற்றுவிடுவதோ குளிர்ந்த இடத்தில் பாதுகாப்பதோ அவசியம்.

நெருப்பு செய்யும் கேடு

உறைந்த தேனை வாங்குவோர் ஏற்பதில்லை என்ற அச்சத்தால் பலர் அதனை அடுப்பிலேற்றி உருக்குகின்றனர். தேன் வெப்பத்தை எளிதில் கடத்தாது. நடுப்பகுதி இளகுமுன் அடிப்பகுதி கருகிவிடும். மணம் போகும், நிறம் கறுக்கும், நொதிகள் அழியும். மேலும், சூட்டினால் சர்க்கரைகள் சிதைந்து ஹைட்ராக்சிமெதில் ஃபர்ஃபுரால் என்னும் பொருள் உண்டாகிறது. தேன் எவ்வளவு சூடாக்கப்பட்டது, எவ்வளவு பழையது என்பவற்றை ஆய்வகங்கள் இப்பொருளைக் கொண்டே கணிக்கின்றன. நமது நாட்டு விதிகளின்படி ஒரு கிலோ தேனில் இது 80 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது. கலப்படம் என்ற பொய்க் குற்றச்சாட்டுக்கு அஞ்சி அடுப்பை மூட்டுபவர், உண்மையான தரக்குறைவைத் தாமே தேடிக்கொள்கிறார்.

இளக்கியே ஆக வேண்டுமெனில், ஜாடியை 40 முதல் 45 டிகிரி சூடுள்ள நீரில் வைத்துப் பல மணி நேரம் பொறுத்திருக்க வேண்டும். பெரிய கலமாயின் ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். இங்குப் பொறுமையே சிக்கனம்.

கண்ணின் தீர்ப்பும் ஆய்வகத்தின் தீர்ப்பும்

நல்ல தேன் நீரில் இட்டால் கலையாமல் அடியில் தங்கும், திரியில் தோய்த்தால் எரியும், எறும்பு மொய்க்காது, நாய் நக்காது என்றெல்லாம் மக்களிடையே சோதனைகள் வழங்கி வருகின்றன. இவற்றுள் எதுவும் கலப்படத்தைக் காட்டிக்கொடுக்க வல்லதன்று. கெட்டியான சர்க்கரைப் பாகும் நீரில் அடியில் தங்கும். உறைந்தால் கலப்படம் என்னும் நம்பிக்கையும் இவ்வரிசையைச் சேர்ந்ததே. அதற்கு நேர்மாறாக, உறையாத தேனெல்லாம் கலப்படம் என்று கொள்வதும் பிழை. காஷ்மீரத்திலும் இமாசலத்திலும் கிடைக்கும் ரொபீனியா மரத்தின் தேன் ஃபிரக்டோஸ் மிகுந்தது. நெடுநாள் தெளிவாகவே இருக்கும். ஜாடியின் உட்சுவரில் வெண்பூப் பூத்தாற்போல் தோன்றுவதும் பூஞ்சணம் அன்று. தேன் உறைந்து சுருங்கும்போது இடையே சிக்கிய காற்றின் தோற்றமே அது.

கலப்படத்தைக் காணும் வழி ஆய்வகத்தில்தான் இருக்கிறது. கரும்பு, மக்காச்சோளம் ஆகியவற்றின் சர்க்கரையைக் கரிம ஐசோடோப்புச் சோதனை பிடித்துவிடும். அரிசியிலிருந்து செய்த பாகு அச்சோதனைக்குத் தப்பும் என்பதால் வேறு சோதனைகளும் தேவைப்படுகின்றன. 2020 ஜூலையில் குஜராத்தின் ஆனந்த் நகரில், தேசியப் பால்வள வளர்ச்சி வாரியத்தில் நவீனத் தேன் பரிசோதனைக் கூடம் ஒன்று தொடங்கப்பட்டது. அதே ஆண்டில் 500 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் தேசியத் தேனீ வளர்ப்பு மற்றும் தேன் இயக்கம் அறிவிக்கப்பட்டது. இவை வரவேற்கத்தக்க முயற்சிகள். எனினும், ஆய்வகத்தின் தீர்ப்பு வீட்டு வாசலை எட்டும் வரையில் கண்ணின் தீர்ப்பே அங்கு ஆட்சி செய்யும்.

வெளிநாடுகளின் அனுபவம் ஊக்கமளிப்பது. 1973 இல் பிரிட்டன் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்த பின்னர், அங்கு எண்ணெய்க் கடுகுச் சாகுபடி பெருகியது. அதுவரை காணாத அளவில் விரைந்து உறையும் தேனைச் சிறு வளர்ப்போர் சந்தித்தனர். அவர்கள் அறுவடை நாளை மாற்றிக்கொண்டனர். விதையிட்டு உறையவைக்கும் முறையைக் கைக்கொண்டனர். கனடாவில் குழைவாக உறைந்த தேன் கடைகளில் சாதாரணமாக விற்கப்படும் பண்டம். நமது ஏற்றுமதித் தேனில் பெரும்பகுதி அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்குச் செல்கிறது. கடுகுத் தேனும் அதில் அடங்கும். அயலார் ஏற்கும் தேனை உள்நாட்டார் ஐயுறுவது வருந்தத்தக்க முரண்பாடு.

ஈரத்தை அளந்து விலை

இறுதியாக, அலுவலர்களின் கவனத்துக்குரிய பொருளாதாரக் கேள்வி ஒன்று உண்டு. முதிர்ந்த தேன் நல்லது என்று பயிற்சி முகாம்களில் போதிக்கப்படுகிறது. அப்படியிருந்தும் முதிராத தேன் சந்தைக்கு வருவானேன்? காரணம் அறியாமை மட்டுமன்று. கணக்கும் அதன் பின்னே இருக்கிறது.

22 சதவீதம் நீருள்ள 100 கிலோ தேனில் 78 கிலோ திடப்பொருள் உள்ளது. அதே தேனைத் தேனீக்கள் 18 சதவீதத்துக்கு உலர்த்தினால் எடை 95 கிலோவாகக் குறைந்துவிடும். எடைக்கு மட்டுமே விலை என்றால், காத்திருந்து முதிர்ந்த தேன் எடுப்பவர் நூற்றுக்கு ஐந்து பங்கு வருவாயை இழக்கிறார். தேன் அடையில் உறைந்துவிடும் என்ற இடரையும் அவரே சுமக்கிறார். அவசரப்பட்டவருக்கோ நீருக்கும் சேர்த்து விலை கிடைக்கிறது. நேர்மைக்குத் தண்டமும் அவசரத்துக்குப் பரிசும் வழங்கும் விலைமுறை இது. இதன்கீழ் எத்தனை பயிற்சி முகாம்கள் நடத்தினாலும் பயன் குறைவே.

இத்தகைய சிக்கலைப் பால்வளத் துறை முன்னரே சந்தித்துத் தீர்த்திருக்கிறது. பாலை அளவுக்கு மட்டும் வாங்கிய காலத்தில் நீர் கலப்பது ஆதாயமாக இருந்தது. கூட்டுறவுச் சங்கங்கள் கொழுப்பை அளந்து விலை கொடுக்கத் தொடங்கியதும் அந்த ஆதாயம் மறைந்தது. கிராமத்துப் பெண் கொண்டுவரும் ஒரு செம்புப் பாலுக்கும் அவள் கண்ணெதிரே அளவு காட்டப்படுகிறது. தேனுக்கும் இம்முறையைக் கொண்டுவர முடியும். கொழுப்பை அளப்பதைவிட ஈரத்தை அளப்பது எளிது. அதற்கு ஒரு கைக்கருவியும் ஒரு துளித் தேனும் போதும்.

கொள்முதல் நிலையங்களும் கதர் கிராமத் தொழில் அமைப்புகளும் உற்பத்தியாளர் சங்கங்களும் செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, ஒவ்வொரு கலத்தின் ஈரத்தையும் விற்பவரின் கண்ணெதிரே அளந்து, 18 சதவீதத்துக்குள் உள்ள தேனுக்குக் கூடுதல் விலை தருவது. அக்கூடுதல் ஐந்து சதவீதத்துக்கு மேற்பட்டதாக இருந்தால்தான் காத்திருப்பவருக்கு இழப்பு நேராது. இரண்டாவது, உறைந்திருக்கிறது என்ற காரணத்தால் மட்டும் எந்தத் தேனையும் மறுக்கவோ விலை குறைக்கவோ கூடாது என்று நிலையங்களுக்கு அறிவுறுத்துவது. மூன்றாவது, "கடுகுப் பூத்தேன்; குளிரில் உறைவது இதன் இயல்பு; வெந்நீரில் வைத்து இளக்கலாம்" என்னும் வாசகத்தைப் புட்டியின் மேல் அச்சிடுவது. இதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது.

ஓய்வு நேர வளர்ப்போருக்கு இதில் தனிப் பங்கு உண்டு. நூற்றுக்கணக்கான பெட்டிகளுடன் லாரியில் அடுத்த ஊருக்கு விரைய வேண்டியவருக்குக் காத்திருக்க அவகாசம் இல்லை. ஐந்து பெட்டி வைத்திருப்பவருக்கு அது உண்டு. வாங்குவோரை முகமறிந்து விற்பவரும் அவரே. விற்கும்போதே, "இன்னும் மூன்று வாரத்தில் இது உறையும், உறைந்தால் நல்ல கடுகுத் தேன் என்று கொள்ளுங்கள்" என்று அவர் சொல்லிக் கொடுத்தால், ஜாடியுடன் திரும்பி வருபவர் குறை கூறுவதற்காக அன்றி, இரண்டாவது ஜாடி வாங்குவதற்காகவே வருவார்.

தேனீ தன் கடமையைக் குறைவறச் செய்கிறது. கடுகு பூக்கிறது, குளிர் தன் இயல்புப்படி தேனை உறையவைக்கிறது. அவ்வாறு உறைந்த தேனை அறிவோடு கையாள்வதும், அதற்குரிய நியாயமான விலையைக் கொடுப்பதும் மனிதர் பொறுப்பில் விடப்பட்டிருக்கின்றன. அப்பொறுப்பு நிறைவேறும் நாளில், உறைந்த தேனின் பொருட்டு எந்த நேர்மையான வளர்ப்பாளரும் தலைகுனிய வேண்டியிராது.